மணப்பெண் உட்கார்ந்த அறை

கடிகாரக்காரர் வீட்டு நடு அறையில், அவருடைய தங்கையின் நிக்காஹ் நடந்த நாளிலிருந்து, எந்தச் சத்தமும் கேட்பதில்லை. அன்று மூன்று பேர் அந்த அறை வாசலில் நின்று, உள்ளே இருந்த மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்டார்கள். அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த பெரியம்மா, "வெட்கப்படுறா. பேசாம இருந்தாலே சம்மதந்தான், போய் எழுதுங்க" என்று அனுப்பிவிட்டாள். அவர்கள் திரும்பிய கணத்தில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் நின்றது. பெண்டுலம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கடிகாரக்காரர் தொழில் புத்தியில் அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். அறைக்குள் கைதவறி விழுந்த பித்தளைக் குடமும் சத்தம் போடாதபோதுதான் விட்டுவிட்டார்.

வீடு பழகிக்கொண்டது. தலைவலிக்காரர்கள் அங்கே படுத்தார்கள். பல் முளைக்கும் குழந்தைகள் அங்கே வீரிட்டு அழ, வெளியே அம்மாக்கள் நிம்மதியாகத் தலைவாரிக்கொண்டார்கள். தையல்காரர் வீட்டு மாமியாரும் மருமகளும் ஒரு மதியம் உள்ளே போய், மனசாரச் சண்டை போட்டுவிட்டு முகம் தெளிந்து வந்தார்கள்.

சில வருடங்களில் தங்கை ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். கணவன் கெட்டவன் இல்லை. ஆசிரியர் பயிற்சியை முடிக்க விடவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. மணக்கொடையாக வாங்கிய மஹரைத் திருப்பிக் கொடுத்து, குலா கேட்டுப் பிரிந்தாள். பெண்ணும் கேட்டுப் பிரியலாம் என்பது தெருவுக்கே அன்றுதான் தெரிந்தது. விட்ட பயிற்சியை முடித்தாள். காலியாகக் கிடந்த அந்த அறையில் ஒரு கரும்பலகையை மாட்டி, தெருப்பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு தொடங்கினாள். சாக்பீஸ் மாமி என்று பேர் விழுந்தது.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்; அந்தச் சாயங்காலங்கள் இனி வரப்போவதில்லை. ஜன்னல் வழியே சரிந்த வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், ஒன்றும் கேட்காது. கணக்கு முடிந்ததும் பெரிய பிள்ளைகளுக்காகப் பலகையில் எழுதுவாள்: நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். பெண்ணின் சம்மதம் இல்லாமல் நடத்தக் கூடாது. மஹர் அவளுக்கே சொந்தம், வாப்பாவுக்கும் இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை. அவள் நிபந்தனை வைக்கலாம். எழுதியதை வாயசைத்து விளக்குவாள். அவர்கள் அவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். "இது பொம்பளைங்க பாடம், எங்களுக்கு எதுக்கு மாமி?" என்று பையன்கள் வாசலிலேயே நின்றார்கள். "கேட்கப் போறது நீங்கதானேடா? கேட்கத் தெரிய வேணாமா?" என்று காதைப் பிடித்து உள்ளே தள்ளினாள். போகப் போக அந்தப் பிள்ளைகளுக்குத் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நடக்கும் ரகசியமெல்லாம் தெரிந்தது. கடைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு விலை பேசினார்கள்.

பிறகு கடிகாரக்காரரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது; வேலையும் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்று மாப்பிள்ளையின் வாப்பா சொல்ல, கடிகாரக்காரர் மகளைக் கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்தார். "பொண்ணு நடு அறையிலேயே உட்காரட்டும்" என்றார். ஏன் என்பது தங்கைக்குப் புரிந்தது.

"அங்க நான் சொல்றது யாருக்குக் கேட்கும் மாமி?" என்றாள் மகள்.

"கேட்காட்டியும் சொல்லிடு. நான் சொல்லாம விட்டுட்டேன்."

சம்மதம் கேட்க வாப்பாவோடு சாட்சிகளாக இரண்டு பேர் போனார்கள்: பெண்ணின் அண்ணன், இளைய தாய்மாமன். கடிகாரக்காரர் வாசலில் நின்று கேட்டார். கூடத்துக்குத் திரும்பினார். "ஒண்ணும் பேசல. சம்மதம்னு எழுதுங்க."

"பேசினா மச்சான்" என்றான் தாய்மாமன்.

"ஆமா வாப்பா. வேலைக்குப் போவேன், அதை நிபந்தனையா எழுதினா சம்மதம்னு சொன்னா."

"எனக்கு ஒண்ணும் கேட்கலையேடா!"

"நீங்க கடிகாரத்தைப் பார்த்துட்டு நின்னீங்க."

இருவரும் சாக்பீஸ் மாமியிடம் படித்தவர்கள் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. நிக்காஹ் எழுத வந்திருந்த ஆலிம் பேனாவை மூடிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை குனிந்தபடி இருந்தான். கதவுக்குப் பின்னால் சாக்பீஸ் மாமி, விரல்கள் வெளுக்கத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாப்பிள்ளைக்கு வெட்கம்! எழுதுங்க ஹஜ்ரத்" என்றார் யாரோ. "பேசாததை நான் எழுத மாட்டேன்" என்றார் ஆலிம். மாப்பிள்ளை தன் வாப்பாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு, தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "சம்மதம். அவ வேலைக்குப் போகட்டும்" என்றான். அது எழுதப்பட்டது.

எல்லோரும் போன பிறகு கடிகாரக்காரர் நடு அறை வாசலுக்கு வந்தார். உள்ளே தங்கை பாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு உன்னைப் பேச விட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவருக்கு உதடு படிக்கத் தெரியாது. "இன்னொரு தடவை சொல்லு" என்றார். அவள் முகத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

அறையில் இன்றும் சத்தம் இல்லை. அடுத்த தெருப் பெண்களும் நிக்காஹ் அன்று அங்கே வந்து உட்கார இடம் கேட்கிறார்கள். கடிகாரக்காரர் பாயை உதறி விரித்துக் கொடுக்கிறார். கேட்க வருகிறவர்கள் அங்கே பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.