குழாய்க்குள் அக்கா

எங்கள் தெருவில் வீட்டுக் குழாயை யாரும் மூடுவதில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று குடிநீர் அலுவலகத்துக்கே தெரியாது, நமக்கு எங்கே தெரியப்போகிறது? குழாயைத் திறந்துவிட்டு, அடியில் காலிக் குடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். தண்ணீர் விழுந்தால் குடம் சத்தம் போடும், ஓடி வரலாம். மழை பொய்த்ததிலிருந்து எங்கள் வீட்டுக் குடம் வாயைத் திறக்கவில்லை. குழாய்தான் பேச ஆரம்பித்தது.

பேசியது அக்கா. செத்துப்போன என் அக்கா.

அவள் நோய்வாய்ப்பட்டுச் சாகவில்லை. வறட்சி நிவாரணம் என்று அரசாங்கம் புதிதாக ஒரு தண்ணீர் லாரி வாங்கியது. அது ததும்பத் ததும்ப மைதானத்தில் வந்து நின்றது. பெரிய அதிகாரி வந்து கொடியசைக்க வேண்டும், அதுவரை ஒரு சொட்டுகூடத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வெயில் மண்டையைப் பிளந்தது. லாரிக்கடியில் ஒழுகியதைக் கையில் ஏந்தப் போன அக்காவை, "வரிசையில நில்லும்மா, எங்க ஓடிடப் போகுது தண்ணி" என்று அதட்டித் திருப்பி அனுப்பினார்கள். தண்ணீர் ஓடவில்லை. அதிகாரியின் கார் வந்தபோது அக்கா தரையில் கிடந்தாள். கொடியை அசைத்து முடித்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள்.

அவளைப் புதைத்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாமல் சாம்பலைப் போட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"வாணலிய அழுத்தித் தொடைடி. பிசுக்கு அப்படியே இருக்கு."

சமையலறைக் குழாயிலிருந்துதான் வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. ஆனால் கை தன்பாட்டுக்கு வாணலியை அழுத்தித் துடைத்தது. உயிரோடு இருந்தபோதும் அவள் ஒரு வார்த்தை சொன்னால் அப்படித்தான்.

அப்புறம் தினமும் பேச்சுதான். குழாயில் காதை வைத்தால் உள்ளிருந்து குளிர்ந்த காற்று வரும். துருவும் ஈர மண்ணும் கலந்த வாசனை. ஊரில் ஈர மண் எங்கே இருந்தது?

"எங்கக்கா இருக்க?" என்று கேட்டேன்.

"ஏன், வாடகை வசூல் பண்ணப் போறியா?"

"பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா?"

"ஒரே நெரிசல்டி. திரும்பிப் படுக்கக்கூட எடமில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு குழாய்க்குள் வெகுதூரம் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. அதில் வேறு யாரோ சிரித்ததும் கலந்திருந்தது.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் பேசாத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை பார்க்கிறவர். ஊரே அவரை 'வால்வு' என்றுதான் கூப்பிடும். திறக்கத் தண்ணீர் இல்லாத வால்வு என்று கிண்டல் வேறு. அவரிடம் ஒருமுறை விஷயத்தைச் சொன்னேன். "வெறுங்குழாய்ல காத்து ஓடும், அதான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இந்த நேரத்தில் அரசாங்கத்துக்கு ஞானோதயம் வந்தது. எங்கோ தூரத்து ஏரியிலிருந்து புதுக்குழாய் இழுத்து வந்து எங்கள் ஊர்க் குழாயோடு இணைத்தார்கள். மறுநாள் காலையில் தண்ணீர் என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி கத்திக்கொண்டே போனது. தெருவே துள்ளியது. நான் மட்டும் குழாயடியில் போய் உட்கார்ந்தேன். குழாய் நிறைந்துவிட்டால் அக்கா எங்கே போவாள்?

வால்வைத் திருகும் சாவி என்பது இடுப்பு உயர இரும்புக் கம்பி, தலையில் குறுக்குப்பிடி. அன்று ராத்திரி அதைப் பழைய பாயில் சுருட்டிப் பரணில் போட்டேன். ஊரே நாக்கு வறண்டு கிடக்கும்போது நான் செய்த காரியம் அது. கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

காலையில் அவர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். எஞ்சினியர் போன்மேல் போன் போட்டுக் கத்தினார்.

"நீ எடுத்தியா?"

"நான் எதுக்குங்க எடுக்கப்போறேன்? அத வெச்சு மாவா பிசைய முடியும்?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உன்கிட்ட இன்னும் அக்கா பேசுறாங்களா?"

நான் சமையலறைக் குழாயைத் திரும்பிப் பார்த்தேன்.

"வால்வு குழிக்குள்ள எறங்கினா எனக்கு எல்லார் குரலும் கேக்குது. இந்த வெயில்ல போனவங்க அத்தன பேரும். எந்த வீட்டுக் குழாய்ல யாருன்னு எனக்குத் தெரியும். யார்கிட்டப் போய்ச் சொல்றது, சொல்லு?"

அப்போது சமையலறையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். ஓடிப்போய்க் காதை வைத்தேன்.

"சாவியக் குடுத்துடு."

"குடுத்தா நீ போயிடுவக்கா."

"எனக்குத் தாகம் அடங்கவே இல்லடி. அந்த லாரி முன்னாடி நின்னப்ப இருந்த அதே தாகம். உன்கூடப் பேசப் பேச நாக்கு ஒட்டிக்குது. உனக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை. என் ஆசைக்கு அவளைப் பேசவைத்துக்கொண்டிருந்தேனே தவிர, என்ன வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பரணில் ஏறிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனபோது தெருவில் கைதட்டினார்கள். எல்லாரும் அல்ல. சில வாசல்களில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றார்கள்.

நான் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, எதிர்வீட்டில் கேட்டது, தெருக்கோடி வரைக்கும் கேட்டது. என் குடத்தில் ஒரு சொட்டு விழவில்லை. குழாய்க்குள் மட்டும் மடக் மடக்கென்று யாரோ குடிக்கிற சத்தம். மூச்சு வாங்கும், மறுபடி குடிக்கும். திறந்திருந்த குழாயின் வாயில் கையை வைத்தேன். காற்று வெளியே வரவில்லை, உள்ளே இழுத்தது.

"மெதுவாக் குடி, அக்கா. புரையேறும்."

வெகுநேரம் குடித்தாள். பிறகு ஒரு நீண்ட மூச்சு. அதற்குப் பின்னால் என் கைமேல் தண்ணீர் கொட்டியது.

"போதுமாக்கா?"

தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது. குடம் நிறைந்தது, வழிந்தது, சமையலறைத் தரை முழுக்க ஓடி வாசலைத் தாண்டியது. "யாரு வீடு அது, தண்ணி வீணாப் போகுது, குழாய மூடுங்க!" என்று தெருவில் கத்தினார்கள். திருகில் கை வைத்தேன். என்னால் மூட முடியவில்லை.