மூத்தாளின் மழைக்கோட்டு

படத்துக்காகத்தான் அவள் கேமராப் பையைத் திறந்தாள். கூடத்தில் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் வைக்க உருப்படியாக ஒரு படம் இல்லை. ஊரையெல்லாம் எடுத்தவர் தன்னை எடுத்துக்கொண்டதில்லை.

"கார்டுல ஏதாவது இருக்கும், பாருங்க அண்ணி" என்று நாத்தனார்தான் அனுப்பியிருந்தாள்.

ஜிப்பை இழுத்ததும் நறநறத்தது. விரலில் ஒட்டியது மணல். கடற்கரை மணல்.

போன வருஷம் நுரையீரலில் நீர் கோத்துப் பிழைத்து வந்தபோது, அவள் தலையில் கை வைத்துச் சொன்னவர் அவர். "இனி மழை, கடல் எதுவும் வேண்டாம். கல்யாண மண்டபத்தோட சரி." வழியில் தூறினாலும் நனையக்கூடாதென்று அன்றைக்கே நல்ல மழைக்கோட்டாக, நீலத்தில் வாங்கித் தந்தாள். அதன்பின் எந்த மழைக்கும் அவர் உலர்ந்த சட்டையோடுதான் வீடு வந்தார். பக்கத்து வீட்டில்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இருமல் மட்டும் எப்படித் திரும்ப வந்ததென்று டாக்டருக்கே விளங்கவில்லை.

பைக்குள் தூசி தட்டும் பிரஷ், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள். அடியில், நீலத் துணி சுற்றிய கேமரா.

பிரித்தாள். அவள் வாங்கிய மழைக்கோட்டு. இடது நெஞ்சில் லென்ஸ் நுழைகிற அளவுக்கு வட்டமாக வெட்டி, விளிம்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தது. கோட்டின் கைகள், அவர் உள்ளே கைவிட்டு கேமராவைத் திருகுவதற்காக, அப்படியே இருந்தன. தையல் முடிகிற இடத்தில் குறுக்கே போய்த் திரும்பி ஒரு முடிச்சு. அவளுடைய ரவிக்கை அத்தனையிலும் இருக்கிற முடிச்சு.

கேமராவில் ஒரு பொட்டு ஈரமில்லை. 'மூத்தாள்' என்பது கேமராவுக்கு அவளே வைத்த பட்டப்பெயர். "எனக்குச் சளி பிடிச்சா பாக்க நீ இருக்கே. அவளுக்குப் பிடிச்சா யாரு இருக்கா?" என்பார். அவளும் சிரித்திருக்கிறாள்.

"அக்கா, படம் கிடைச்சுதா?"

வாசற்படியில் தம்பி. கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவன். அவள் மடியில் இருந்ததைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான்.

"நனைஞ்ச சட்டைய எங்கடா மாத்துனாரு?"

"...கடையில."

"தேய்ச்சும் குடுத்தியா?"

தலை மட்டும் அசைந்தது. "மாமா கெஞ்சுனாருக்கா. மழையில கடலப் பாக்காம மண்டபத்துல நிக்கிறது செத்த மாதிரி இருக்குன்னாரு."

"இப்ப?"

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமனும் மச்சானுமா மூத்தாள நனையாம பாத்துக்கிட்டீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "போ. படம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிரு."

அவரை எடுத்துப்போக வண்டி வந்தபோது தூறல் பிடித்துக்கொண்டது. தம்பி குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். அவள் குடைக்குள் போகவில்லை. நீல மழைக்கோட்டை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

இடது நெஞ்சில் மட்டும் புடவை நனையத் தொடங்கியது.