மூணுக்கு அப்புறம்

"இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு," என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தான் அவள் புருஷன். "கணக்கு வாத்தியார். அவரு மச்சானுக்கும் இதே டிஸ்க்குதானாம். ஆபரேஷன் பண்ணிக்கிட்டாராம். இப்ப குனிஞ்சு சாக்ஸ் போட முடியலையாம்."

அவள் கூடத்துத் தரையில் மல்லாந்து, இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிப் போட்டுப் படுத்திருந்தாள். அப்படிக் கிடந்தால்தான் இடுப்பிலிருந்து இடது காலுக்கு ஓடுகிற வலி கொஞ்ச நேரம் வாயை மூடும். புருஷன் முடி திருத்துகிறவன். அவன் கடையில் வந்து உட்காருகிறவர்களுக்கெல்லாம் அவள் முதுகைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. நேற்று வந்த பாங்குக்காரர் உடனே ஆபரேஷன் பண்ணச் சொன்னார், தள்ளிப்போட்டால் நரம்பு செத்துவிடுமாம். முந்தாநாள் ஒருவர் தலைகீழாகத் தொங்கச் சொன்னார். கழுத்தில் துணியைக் கட்டி, காதோரம் கத்தரியைக் கொண்டுபோன பிறகு இந்த மனிதர்களுக்கு எங்கிருந்துதான் வைத்திய ஞானம் பொங்குமோ! அத்தனையையும் பெருக்கி வாரிய மயிர் மாதிரி அள்ளிக்கொண்டு வந்து இவன் தினமும் அவள் தலைமாட்டில் கொட்டினான்.

ஏழு வாரத்துக்கு முன்னால் அறுவை சிகிச்சை டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, கீழ்முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற மெத்தை பிதுங்கி நரம்பை நெரிக்கிறது என்றார். "நிறைய பேருக்கு பிசியோவிலயே சரியாகும். ஆபரேஷனும் பண்ணலாம், வலி சீக்கிரம் குறையும், ஆனா அதுலயும் கொஞ்சம் ஆபத்து உண்டு. காலு பலம் குறைஞ்சா மட்டும் ஒரு நாள்கூட தள்ளிப்போடாதீங்க. மத்தபடி முடிவு உங்களோடது." முடிவு உங்களோடதாம்! அதே ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக வார்டு உதவியாளர் அவள். எந்த நோயாளியை எந்தக் கட்டிலுக்கு மாற்றுவது என்றுகூட ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்கிறார்கள், அதுவும் இதற்கு. பிசியோவே போதும் என்று சொல்லிவிட்டு வந்தாள். யோசித்துச் சொன்னதில்லை, பயந்து சொன்னது. முதுகு ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களை அவள்தான் கட்டிலுக்கு மாற்றுவாள். அலறியவர்களின் முகம் ஒவ்வொன்றும் மனசில் இருந்தது. மறுநாளே எழுந்து நடந்தவர்களை அவள் மறுபடி தூக்க வேண்டியிருக்கவில்லை, அதனால் அவர்கள் ஞாபகத்தில் தங்கவில்லை.

வார்டில் அவளுக்குக் கிரேன் என்று பேர். எவ்வளவு கனத்த ஆளானாலும் விரிப்போடு சேர்த்துத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்துவிடுவாள். எதிர்ப்பக்கம் பிடிக்கத் தங்கப்பல் அக்கா இருந்தாள். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "ஒண்ணு, ரெண்டு" என்பதற்குள் மூச்சு பிடித்து, "மூணு" என்ற வாயோடு நான்கு கையும் எழும்பும். பதினேழு வருஷம் ஒரு பிசகு இல்லை. தங்கப்பல் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த இடத்துக்கு இவளே சிபாரிசு செய்து கொண்டுவந்தவள்தான் நாத்தனார், புருஷனின் தங்கை. வந்த நான்காம் மாதம், நூற்றுப்பத்துக் கிலோ ஆசாமி ஒருவரைத் தூக்கும்போது, மூணு என்று இவள் தூக்கினாள். எதிர்ப்பக்கம் கனம் அப்படியே கிடந்தது. அரை நொடிதான். முதுகுக்குள் ஏதோ நழுவியது. அதற்குப் பிறகு நாத்தனாரின் கை எழும்பியது.

மேற்பார்வையாளர் ஒரு படிவம் நிரப்பினார். இருவர் சேர்ந்து தூக்கினார்களா? ஆம். விதி மீறப்பட்டதா? இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கொதிக்கிறது.

சமாதானம் பேச ஒரு மத்தியானம் நாத்தனார் வந்தாள். ஆப்பிளும் அழுகையுமாக வந்தாள்.

"அண்ணி, நான் கை குடுக்காமலா இருந்தேன்? ரெண்டு பேரும்தானே தூக்கினோம்?"

"நான் தூக்கி முடிச்சப்புறம் வந்து சேந்தே. அதுக்குப் பேரு தூக்குறதா?"

"நீங்க மூணுன்னு சொன்னீங்க, நான் தூக்கினேன். சத்தியமா லேட் பண்ணல அண்ணி."

"அப்போ என் முதுகு தானா ஒடிஞ்சுதா? நீ முதல்ல எந்திரிச்சுப் போ. போயிடு."

அவள் போன பிறகு ஆப்பிள் பையைக் காலால் எட்டி உதைக்க நினைத்தாள். கால் வரவில்லை. வலியால் என்று நினைத்துக்கொண்டாள்.

வலியால் இல்லை என்று அடுத்த திங்கட்கிழமை தெரிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி பிசியோ நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், "அம்மா, உங்க செருப்பு!" திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி, நடைபாதை நடுவில், இடது கால் செருப்பு தனியாகக் கிடந்தது. அது கழன்றதே தெரியாமல் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். போய்ப் போட்டுக்கொண்டாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தாள். சொன்னால் கத்திதான். டாக்டர் சொன்னது காதில் விழாதமாதிரி வேகமாக நடக்கப் பார்த்தாள், கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது.

பிசியோ செய்கிற பெண் வழக்கம்போல மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கச் சொன்னாள். இதுவரை தாளைப் பார்த்துத் தானாகச் செய்துகொண்டிருந்த பயிற்சிதான். அன்றைக்கு அந்தப் பெண் பக்கத்தில் நின்று எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... இருங்க இருங்க. ஏன் அவசரம்? மூணு சொல்லி முடிச்சப்புறம் தூக்குங்க அக்கா."

"மூணுன்னா தூக்கணும்ல?"

"மூணு ஆனப்புறம். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. ஏன், நீங்க மூணுலயே தூக்குவீங்களா?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நாத்தனார் தாமதிக்கவில்லை. நாத்தனாருக்கு மூணுக்கு அப்புறம், இவளுக்கு மூணில். பதினேழு வருஷமும் எதிரே இருந்தவளுக்கும் இவளைப் போலவே பழக்கம் என்பதால் இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியவில்லை. "புதுசு, நீதான் சொல்லிக்குடுக்கணும்" என்று மேற்பார்வையாளர் நாத்தனாரைக் கொண்டுவந்து விட்டபோது இவள் என்ன சொன்னாள்? "இதுல சொல்லிக்குடுக்க என்ன இருக்கு, தூக்க வேண்டியதுதானே" என்றாள். பெருமையாக வேறு சொன்னாள். அந்த ஆஸ்பத்திரியில் குழாய்க்குக் குழாய் கை கழுவுவது எப்படி என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆளைத் தூக்குகிறவர்கள் எப்போது தூக்குவது என்று துண்டுச் சீட்டு உண்டா? கிடையாது. ஏழு வாரமாக ஒருத்தி மேல் குறி வைத்து வளர்த்த கோபம் இப்போது இறக்கி வைக்க இடமில்லாமல் நின்றது. அதில் பாதி தன் மேலேயே விழுந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எந்திரிங்க அக்கா. ரெண்டு குதிகாலையும் ஊணி நடந்து காட்டுங்க."

வலது பாதம் நிமிர்ந்தது. இடது பாதம் எவ்வளவு முயன்றும் தொப்பென்று தரையில் அடித்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியல."

"செருப்பு கழண்டு விழுதா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தொங்கின பாதத்தைக் கையில் பிடித்தபடியே சொன்னாள். "இதுக்கு மேல நான் பயிற்சி குடுத்துக்கிட்டே இருந்தா அது தப்பு அக்கா. இப்பவே டாக்டருக்கு ஃபோன் பண்றேன். இன்னைக்கே போயிடுங்க."

டாக்டர் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் ஆபரேஷன் என்றார். காலுக்குப் பலம் எவ்வளவு திரும்பும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, தாமதித்தால் இன்னும் குறையும் என்றார். சம்மதப் படிவத்தை நீட்டினார். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். விஷயம் கேட்டு புருஷன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தான். சட்டையெல்லாம் முடி.

"அவசரப்படுறியோன்னு தோணுது. அந்த வாத்தியார் என்ன சொன்னாருன்னா..."

"அந்த வாத்தியார் வந்து என் காலைத் தூக்கி வைப்பாரா?" வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். "என் முதுகை உங்க கடை நாற்காலியில உக்கார வச்சு, வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டினீங்க. ஏழு வாரம்! ஒரு நாளாவது, உனக்கு என்ன பயம்னு என்னைக் கேட்டீங்களா?"

அவன் விழித்தான். "என்ன பயம்?" என்றான்.

"இன்னொருத்தி என்னைத் தூக்கிப் போடுற நிலைமை வந்துடுமோன்னு பயம். போதுமா?"

அதற்குப் பதில் சொல்ல அவனுக்கு ஒரு வாடிக்கையாளரும் கிடைக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் இடது பாதத்தின் மேல் கையை வைத்தான். அவன் கை அங்கே இருப்பது அவளுக்குப் பாதிதான் தெரிந்தது.

காலையில் ஸ்ட்ரெச்சர் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நாத்தனார். இன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொள் என்று மேற்பார்வையாளர் சொல்லியும் மாட்டேன் என்று வந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவளோடு இன்னும் மூன்று பேர். விரிப்பின் நான்கு மூலையையும் சுருட்டிப் பிடித்தார்கள். எட்டுக் கை. கீழே படுத்துக்கொண்டு அந்தக் கைகளைப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"ரெடியா? ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினான் தலைமாட்டில் நின்றவன்.

"நிறுத்து!"

அதட்டலில் எல்லாக் கையும் நின்றது. அவள் படுத்தபடியே நாத்தனாரின் மணிக்கட்டை எட்டிப் பிடித்திருந்தாள்.

"மூணுலயா, மூணுக்கு அப்புறமா?"

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மூணுலதான்," என்றான் தலைமாட்டில் நின்றவன். "இல்லையே, அப்புறம்தான்," என்றாள் கால்மாட்டில் இருந்தவள். இன்னொருவன், நான் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துத் தூக்குவேன் என்றான். நாத்தனாருக்கு அப்போதுதான் விளங்கியது.

"பாத்தியா?" என்றாள் கிரேன். "இத்தனை வருஷமா ஒருத்தனும் கேட்டதில்ல. நானும் கேக்கல, உனக்குச் சொல்லவும் இல்ல."

"அண்ணி..."

"அழுகையை அப்புறம் வச்சுக்கோ. விரிப்பை இன்னும் ஒரு சுத்து சுருட்டு, கை வழுக்கும். எல்லாரும் கேளுங்க. நான் எண்ணுறேன். மூணு வரைக்கும் எவனும் அசையக்கூடாது. மூணுக்கு அப்புறம் 'தூக்கு'ன்னு சொல்லுவேன். அந்தச் சொல்லுக்குத்தான் கை எழும்பணும்."

விரிப்பு இறுகியது. முதுகுக்கடியில் துணி விறைத்து நிற்பது தெரிந்தது. நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கால்களை அகட்டி, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு," என்றாள் கிரேன்.