தொடாமல் பாடும் பெட்டியின் மேல் ஒரு புகார்

எல்லாரும் சௌக்கியமா? வீட்டில் பெரியவர்கள், சின்னவர்கள் எல்லாரும் நலம்தானே? முட்டிவலிக்காரர்கள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். இந்தக் கதை மூன்றாம் மாடி வரைக்கும் படியேற வேண்டிய கதை.

மூன்றாம் மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடுகள். ஒன்றில் தனியாகக் குடியிருந்தவள் பல் டாக்டர்களுக்குப் பல்செட்டு செய்து கொடுக்கும் லேபில் வேலை பார்ப்பவள். காலை ஒன்பதரைக்குப் போனால் மாலை ஆறு வரை மெழுகும் அச்சும்தான். யார் சிரித்தாலும் முதலில் பல்லைப் பார்ப்பாள், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பாள். அப்படியே பழகிவிட்டதால் யாரையும் லேசில் நம்பமாட்டாள். "உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்டி" என்று அவளுடைய அக்கா போனில் திட்டாத வாரமே கிடையாது.

அப்படிப்பட்டவள் மயங்கி விழுந்தது தெரமின் என்கிற வாத்தியத்தில். ஒரு மரப்பெட்டி, அதில் நட்டுக்குத்தலாக ஒரு கம்பி, பக்கவாட்டில் ஒரு வளையம், அவ்வளவுதான். தொடவே கூடாது. கம்பிக்கு அருகே வெறுங்காற்றில் கையை ஆட்டினால் பாடும். கிட்டே போனால் சுரம் ஏறும், விலகினால் இறங்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, கொசுவை அடிக்காமல் கொசுவோடு சமாதானம் பேசுவதுபோலத் தெரியும்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. நடத்துகிறவர் பழைய ரேடியோ ரிப்பேர்காரர். எல்லாருக்கும் அவர் 'ரேடியோண்ணன்'. இவள் 'பல்செட்டக்கா'. புதிதாக வருகிறவர்கள் மூன்று விஷயம் கொடுத்தே ஆகவேண்டும் என்பது ரேடியோண்ணன் போட்ட சட்டம்: என்ன தொழில் என்று ஒரு வரி, ஒரே சுரத்தை ஒரு நிமிடம் அசையாமல் பிடித்த ஒலிப்பதிவு, வாத்தியம் நிற்கும் அறையின் வரைபடம். சுவர், பீரோ, ஃபிரிட்ஜ், பக்கத்தில் நடமாடும் ஆள், எதுவுமே அந்தப் பெட்டியின் சுரத்தைக் கலைத்துவிடும். அதனால்தான் வரைபடம். மற்றவர்கள் ஒரு கட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்து, 'இதுதான் நான்' என்று எழுதி அனுப்புவார்கள்.

இந்த நேரத்தில்தான் அவள் தலையில் இடி விழுந்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். வாரநாட்களில் பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை இவள் வீட்டில் யாரோ ஒப்பாரி வைப்பதுபோல் சத்தம் வருகிறதாம். கையெழுத்துப் போட்டிருந்தது பக்கத்து வீட்டு நர்ஸம்மா.

"பகல்ல நான் லேப்ல இருக்கேன் சார். வருகைப் பதிவேட்ட வேணா வந்து பாருங்க."

"நீங்க இருக்கணும்னு என்னம்மா அவசியம்? தொடாமலே பாடும்னு நீங்கதான சொன்னீங்க?"

"சார், தொடாமன்னா ஆளே இல்லாமன்னு அர்த்தமா?"

"எனக்கு அந்த இலக்கணமெல்லாம் தெரியாது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்து பேசுவோம். இல்லன்னா மாசக் கடைசியில வீட்டக் காலி பண்ணிடுங்க."

பதினோரு வருடம் குடியிருந்த வீடு. லேப் நடந்து போகிற தூரம். இதைவிட்டால் அவளுக்கு வேறு போக்கிடமும் கிடையாது, தெரமின் வாசிக்கிறவளுக்கு இனி யார் வீடு கொடுப்பார்கள்? மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் பையில் போட்டு எடுத்துப் போனாள். அன்றைக்கும் பதினொரு மணிக்கு ஒப்பாரி கேட்டது என்று கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் வைத்துச் சொன்னாள். பல்செட்டக்கா பையைத் திறந்து ஒயர் உள்ளேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். ஒயரில்லாமல் பெட்டி பாடுகிறதா, இல்லை எல்லாரும் கூடிப் பேசிவைத்து அவளைத் துரத்தப் பார்க்கிறார்களா?

அன்று மாலை குழுவில் ஒரு புது ஆள் அறிமுகம்.

'வணக்கம். தொழில்: சொந்த வேலை. மூன்று மாதமாகக் கற்றுக்கொள்கிறேன். பகலில் வீட்டில் யாரும் இல்லாத நேரம்தான் வாசிப்பேன்.' அதன் கீழே ஒரு நிமிட ஒலிப்பதிவும் அறையின் வரைபடமும்.

அடேயப்பா, என்ன வரைபடம் அது! வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி. சுவரின் நீளம் சென்டிமீட்டர் வரைக்கும். சன்னல், கதவு, மூலையில் துருத்திக்கொண்டிருக்கும் தூண், எல்லாவற்றுக்கும் தனித்தனி அளவு.

"வீடு கட்டப் போறீங்களா, வாசிக்கப் போறீங்களா?" என்று கேட்டார் ரேடியோண்ணன். குழு சிரித்துத் தீர்த்து, அந்த ஆளுக்கு 'ஸ்கேல்' என்று அங்கேயே பெயரும் வைத்துவிட்டது.

பல்செட்டக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தூணை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தையல் டேப்பை எடுத்து, தன் வீட்டு முன்னறைத் தூணை அளந்தாள். முப்பதுக்கு நாற்பத்தைந்து. வரைபடத்திலும் முப்பதுக்கு நாற்பத்தைந்து. சுவரை அளந்தாள், சன்னலை அளந்தாள். அளவெல்லாம் அப்படியே. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே வலப்பக்கம் இருப்பது அங்கே இடப்பக்கம். கண்ணாடியில் பார்த்தது போல.

அது பக்கத்து வீடு! நர்ஸம்மாவின் வீடு! நர்ஸம்மாவின் கணவர் நிலம் அளக்கும் சர்வேயர்!

உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். "பாத்தியா, புகாரும் குடுத்துட்டு, குழுவுக்குள்ள உளவு பாக்க ஆளயும் அனுப்பியிருக்காங்க. நான் எப்ப வாசிக்கிறேன், என்ன வாசிக்கிறேன், எல்லாத்தயும் அங்கதான கொட்டி வெச்சிருக்கேன்!"

"உளவு பாக்க வந்தவன் ஏண்டி வீட்டுப் படத்த வரஞ்சு கையில குடுக்கிறான்?"

அக்கா கேட்டது சரிதான் என்று பட்டது. ஆனாலும் குழுவில் தான் போட்ட பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். விரல் வலிக்க வலிக்க அழித்தாள்.

இன்னொரு குடைச்சலும் இருந்தது. சர்வேயரும் நர்ஸம்மாவும் காலை எட்டு மணிக்கு ஒன்றாகப் படியிறங்குவதைத் தினமும் அவள் பார்க்கிறாள். அவர் தலையில் மஞ்சள் தொப்பி, கையில் சாப்பாட்டு டப்பா. அப்படியானால் பகல் பதினொன்றுக்கு அந்த வீட்டில் இருப்பது யார்?

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தாள். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தன் தெரமினைச் சுவரோரமாக நகர்த்தி, சத்தத்தைக் குறைத்து, நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெட்டி வாயே திறக்கவில்லை. சரியாகப் பதினொன்று. யாரும் தொடாமல், யாரும் அருகில் போகாமல், பெட்டி தானாகக் கீச்சென்று முனகியது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தெரமினை யாரோ போட்டிருக்கிறார்கள். இரண்டு பெட்டிகள் கிட்டக்கிட்ட இருந்தால் ஒன்றையொன்று சீண்டும் என்பது குழுவில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அவள் மெல்லக் கையை நீட்டிக் கம்பியருகே ஆட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு தடுமாறி நின்றது. போனில் குழுவின் மணி அடித்தது.

ஸ்கேல்: 'என் வாத்தியத்தில் யாரோ கை வைப்பது போல் இருக்கிறது. வீட்டில் யாருமே இல்லை. கொஞ்சம் பயமாக இருக்கிறது.'

பல்செட்டக்கா செருப்புகூடப் போடாமல் போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு விரல் அளவுக்குக் கதவு திறந்தது. சர்வேயர்தான். பனியனும் மடித்த பேண்ட்டும். பின்னால் நிலம் அளக்கிற முக்காலியின் மேல் தெரமின் நிமிர்ந்து நின்றது. மேசையில் சாப்பாட்டு டப்பா.

"நீங்க... வேலைக்குப் போகலையா?" என்றார்.

"அத நான் கேக்கணும்."

அவருக்கு முகம் தொங்கிவிட்டது. "உள்ள வாங்க. மெதுவாப் பேசுங்க."

விஷயம் இதுதான். மூன்று மாதம் முன்பே கம்பெனியில் அவரை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. காலையில் மனைவியோடு கிளம்புவார், ஆஸ்பத்திரி வாசலில் அவளை விட்டுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார், பத்து மணிக்குத் திரும்பி வருவார். வேலையில்லாத கைகளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது, தெரமினைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினார். மாலையில் அது கழன்று அளவுக்கருவிப் பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பெட்டியை நர்ஸம்மா திறக்கமாட்டாள்.

"அப்ப புகார்?"

"கீழ்வீட்டு அம்மா சத்தம்னு சொன்னாங்களாம். எங்க வீடு பூட்டிக் கெடக்கு, அப்ப நீங்கதான்னு அவ முடிவு பண்ணிட்டா. அவமேல தப்பில்லைங்க."

"அவங்கமேல தப்பில்ல, உங்கமேலயும் தப்பில்ல, நான் மட்டும் மூட்ட கட்டணுமா? ஒரு ஹெட்ஃபோன் மாட்டி வாசிச்சா என்ன?"

"மாட்டுனா வாசல் மணி கேக்காதே. அவ திடீர்னு வந்துட்டா?"

கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழம வரைக்கும் டைம். நீங்களா சொல்லிடுங்க. நான் வாயத் திறக்கமாட்டேன்னு மட்டும் நெனச்சுடாதீங்க."

"சொல்லிடறேன்" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல் தெரியவில்லை. பல் தெரியாத சிரிப்பை அவள் நம்புவதே இல்லை.

வெள்ளிக்கிழமை குழுவில், 'ஸ்கேல் வெளியேறினார்' என்று வந்தது. சனிக்கிழமை முழுக்கச் சுவரில் காதை வைத்துக் கிடந்தாள். டிவி கேட்டது. நர்ஸம்மா எதற்கோ சிரித்தது கேட்டது. சண்டை இல்லை, அழுகை இல்லை. ஆள் சொல்லவில்லை! தன்னைப் பலிகொடுத்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

ஞாயிறு காலை மூன்றாம் மாடிப் படிமுகப்பில் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கீழ்வீட்டு அம்மா வேடிக்கை பார்க்க ஏறி வந்திருந்தாள். நர்ஸம்மா முன்னால், அவளுக்குப் பின்னால் கூரையைப் பார்த்தபடி சர்வேயர்.

"நான் டியூட்டி முடிச்சு வந்து தலவலியோட படுக்கிறவ. உங்கமேல எனக்கு என்ன பகை சொல்லுங்க? பகல்ல எங்க வீடு பூட்டிக் கெடக்கு, சத்தம் வருதுன்னா உங்க வீட்லதான வரணும்" என்றாள் நர்ஸம்மா.

"நான் கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று சர்வேயர் உள்ளே நழுவினார். பல்செட்டக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓடுகிறான்!

வீட்டுக்காரர் காலி செய்வதற்கான தாளை நீட்டி, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார். "போடுங்கம்மா. வீண் பேச்சு வேணாம்."

நர்ஸம்மாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம். நல்ல பல், சொந்தப் பல், சிரித்து ரொம்ப நாள் ஆன பல். இவளிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? பேனாவைத் தாளின் மேல் வைத்தாள்.

"பகல்ல வாசிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"யாரு?" என்றாள் நர்ஸம்மா.

பல்செட்டக்கா மூச்சை இழுத்தாள். அதற்குள் நர்ஸம்மாவின் முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த அவளுடைய சொந்த வீட்டுக்குள்ளிருந்து, ஒரு சுரம் எழும்பியது. மெல்லியதாய், நடுங்கிக்கொண்டு, ஆனால் விடாமல்.

"இதுதான்! இதே சத்தம்தான்!" என்று கத்தினாள் கீழ்வீட்டு அம்மா.

நர்ஸம்மா திரும்பினாள். உள்ளே நடந்தாள். வெளியே நின்றவர்களுக்கு அவள் தெரியவில்லை, சுரம் மட்டும் கேட்டது. அவள் போகப் போக அது ஏறியது. வாசற்படியைத் தாண்டும்போது கொஞ்சம். தூணருகே இன்னும் கொஞ்சம். அவர் கையை அசைக்கவில்லை என்பது பல்செட்டக்காவுக்கு மட்டும்தான் தெரிந்தது. ஏற்றிக்கொண்டிருந்தது நர்ஸம்மாவின் உடம்பு. கடைசியில் கூர்மையாய் உச்சிக்குப் போய், அங்கேயே நின்றது. அதற்குமேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வீட்டுக்காரர் தாளையும் பேனாவையும் திருப்பி வாங்கி, தாளை நாலாய் மடித்து, இரண்டையும் சட்டைப்பையில் வைத்தார். பேனாவுக்கு மூடி போட மறந்துவிட்டார். சட்டையில் மை பரவியது.

அவள் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். சர்வேயர் வேறு இடத்தில் வேலை தேடிக்கொண்டார். நர்ஸம்மா மட்டும் படியில் எதிர்ப்பட்டால் நின்று, "வியாழக்கிழமையே தெரியுமாமே உங்களுக்கு? வேற என்னவெல்லாம் தெரியும்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். மூன்று நாள் சொல்லாமல் வைத்திருந்தது சரியா தப்பா என்று பல்செட்டக்காவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

நீங்களாக இருந்தால் அந்த மூன்று நாள் என்ன செய்திருப்பீர்கள்? உங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தை நீங்கள் என்னவென்று நினைத்தீர்கள், கடைசியில் அது என்னவாக இருந்தது? ஒளிக்காமல் எழுதுங்கள், நான் ஒன்றுவிடாமல் படிப்பேன்.