மசக்கைக்கு ஆதாரம்

எங்கள் அகராதி அலுவலகத்தில் பதிப்பாசிரியருக்கு முற்றுப்புள்ளி என்று பட்டப்பெயர். அவர் வாயைத் திறந்தால் விவாதம் முடிந்தது என்று அர்த்தம். அன்று மேசைக்கு வந்த சொல் மசக்கை. 'கர்ப்பிணிகளுக்குக் காலையில் ஏற்படும் குமட்டல்' என்று எழுதி வைத்திருந்தார். எழுதிய மகானுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

நான் அப்போது மூன்று மாதம். காலையெல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருப்பேன். சாயங்காலம் ஆனால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். சீக்கிரம் வீட்டுக்குப் போக அனுமதி கேட்டு அவர் அறைக்கு நடையாய் நடந்தேன். ஒரே பதில்தான்.

"மசக்கை காலையிலதானேம்மா? வேணும்னா காலையில லேட்டா வாங்க."

அகராதியில் அர்த்தம் மாறாமல் எனக்கு விடுதலை இல்லை. அன்று சாயங்காலக் கூட்டத்திலேயே கேட்டுவிட்டேன்.

"சார், அந்தக் 'காலையில்'ங்கறதை எடுத்துடுங்க. எனக்குச் சாயங்காலம்தான் வருது."

"அது உங்க சொந்த அனுபவம்மா. ஆதாரமாகாது. உங்களுக்கே வர்றதால நீங்க நடுநிலையா சொல்ல முடியாது."

அடேயப்பா! அப்படியானால் மசக்கையைப் பற்றிப் பேச, அது வரவே வராதவர்களுக்குத்தான் முழுத் தகுதி. என்னைத் தவிர அறை முழுக்கத் தகுதியுள்ளவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அதில் ஒருவர் தொண்டையைச் செருமினார். உதவியாசிரியர், கல்யாணம் ஆன புதிது என்பதால் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை.

"சார், என் வீட்டுக்காரிக்கும் சாயங்காலம்தான். நானே பாக்கறேனே."

முற்றுப்புள்ளிக்கு முகமெல்லாம் பல். "நேர்லயே பாத்தியா? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று 'காலையில்' என்பதை அடித்துவிட்டு, 'காலையிலோ மாலையிலோ' என்று எழுதினார். ஓரத்தில் ஆதாரமாக மாப்பிள்ளையின் பெயரும் ஏறியது.

தொலையட்டும், வீட்டுக்காவது போகலாம் என்று பையை எடுத்தேன்.

"பாவம்ப்பா நீ," என்று மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார் முற்றுப்புள்ளி. "இனிமே சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிடு. வீட்டுல கூட ஆள் வேணும்ல."

"அப்ப நான், சார்?"

"நீங்க இருந்து அவரோட புரூஃபையும் பாத்துடுங்கம்மா."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. மேசையின் மேலேயே, அவர் திருத்திய அந்தத் தாளின் மேலேயே, வாந்தியெடுத்தேன்.

முற்றுப்புள்ளி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பிறகு பரிவாகக் கேட்டார்.

"மத்தியானம் என்னம்மா சாப்பிட்டீங்க? ஏதோ ஒத்துக்கலை போல."