பருத்திப்பட்டில் ஒரு விரிசல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. எங்கள் படுக்கையறைச் சுவரில் பிறந்தது. மழைக்குப் பிறகு ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை விரிசல் விட்டது. ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரியோரம் கட்டின வீடு, உள்ளே இறங்கப்போகிறது என்று என் மனைவி ஞானகுமாரி முடிவே கட்டிவிட்டாள். அன்றிலிருந்து ஹாலில்தான் பாய்.

‘பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆவடியில்...’

சீ, பாடப்புத்தகம். அந்த ஆரம்பத்தை விட்டுவிட்டேன்.

2

ஏரியைச் சுற்றி நடந்தபடியே மண்ணையும் பாறையையும் காட்டுகிறார்களாம். ஞாயிறு சர்ச் பூசை முடிந்த கையோடு போனோம். கூட்டிப்போனவர் கனிமொழி, காலேஜில் நிலவியல் நடத்துபவர். (முதல் வரைவில் அவரை ஆணாக்கித் தாடியும் வைத்திருந்தேன். ஞானகுமாரி படித்துவிட்டு, அந்தம்மாவுக்கு எதுக்குத் தாடி என்றாள்.)

கரையில் பதித்த கருங்கல்லைத் தட்டி, இதுதானே நம்ம ஊர்ப் பாறை என்று அறிவாளி மாதிரி கேட்டேன். லாரியில் வந்தது சார் என்றார். [இதை வெட்டலாமா? கிடக்கட்டும்.]

அப்புறம், பைப் பதிக்கத் தோண்டிய பள்ளத்தைக் காட்டினார். மேலே சாம்பல் களிமண்; மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், வீட்டையே ஆட்டும். கீழே சிவப்புச் சரளை, அது அசையாது. அஸ்திவாரம் எதில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் மேஸ்திரி எவ்வளவு தோண்டினார்? யாருக்குத் தெரியும்!

ஞானகுமாரி அந்தச் சிவப்பைக் கிள்ளி விரலில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே

(இந்த வாக்கியம் எனக்கு முடியவே மாட்டேன் என்கிறது. அவளே சொல்லட்டும்.)

“ஏங்க, நம்ம வீட்டு அடிக்கல் மந்திரிக்கிறப்போ ஃபாதர் குழிக்குள்ள எறங்கி வழுக்கி வுழுந்தாரே. அங்கியெல்லாம் இதே செவப்புதான். நாந்தானே தோச்சேன், போவவே இல்ல.”

மேலே நின்று தீர்த்தம் தெளித்தால் போதும் என்றுதான் ஃபாதர் சொன்னார். இறங்கியே ஆகணும் என்று அடம்பிடித்தது நாங்கள்.

கொட்டின சரளையா, குழியிலேயே இருந்ததா என்று கனிமொழி கேட்டார். அன்னிக்கு லாரியே வர்ல என்றாள் ஞானகுமாரி.

“அப்போ உங்க வீடு கெட்டியான தரைமேலதான் நிக்குது,” என்றார் கனிமொழி. விரிசலை மட்டும் ஒரு இன்ஜினியரிடம் காட்டிவிடச் சொன்னார். அப்பாடா! எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

3

முடிவு ஒன்று: இன்ஜினியர் வந்து, வெறும் பூச்சுதான் வெடித்திருக்கு என்கிறார்.

முடிவு இரண்டு: அவர் உதட்டைப் பிதுக்குகிறார்.

எதை வைக்கட்டும் என்று கேட்க ஞானகுமாரியைத் தேடிப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, அந்த விரிசல் சுவரோரமே கட்டிலைத் தள்ளிப்போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. இரண்டில் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சத்தம் போடாமல்.