நாலாம் சிலிண்டரில் மஞ்சள்

நான் முப்பத்திரண்டு வருடம் நீர்ப்பாசன ஓவசியராக இருந்தவன். வாய்க்காலுக்குள் கண்டதையும் கொட்டிவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களை வயல் வட்டை வட்டையாகத் தேடிப்போய் ஏசியவன். அப்படிப்பட்ட நல்லரத்தினம் தன்னுடைய மொறிஸ் மைனர் காரின் தண்ணீர்ப் பாதையைத் தானே அடைத்துவிட்டான் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நம்புங்கள். அடைத்ததோடு விடவில்லை, அதை ஐந்து வருடம் வீட்டில் சொல்லாமலும் இருந்துவிட்டேன்.

அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம் அது. கடையில் மஞ்சள் தூள் கேட்டால் முதலாளி நம்மை மேலும் கீழும் பார்ப்பார். என் மனைவி கேதீஸ்வரி எங்கெங்கோ சொல்லிவைத்து அரைக் கிலோ மஞ்சள் எடுப்பித்து, கண்ணகை அம்மன் சடங்குக்கென்று இடித்துப் போத்தலில் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கிழமை பார்த்துத்தானா என் காரின் ரேடியேட்டர் ஒழுக வேண்டும்! கொரோனா ஊரடங்கில் கராஜ் எல்லாம் பூட்டு. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடு, தண்ணீரோடு ஓடிப்போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்பது இங்குள்ள லொறிக்காரர் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். ஒரு கரண்டி போதும் என்பார்கள். நான் அரசாங்க வேலை பார்த்தவன், எதையும் திருத்தமாகச் செய்ய வேண்டும். போத்தலை அப்படியே கவிழ்த்துவிட்டேன். ஒழுக்கு நின்றது, சத்தியமாக நின்றது.

பின்னேரம் கேதீஸ்வரி வெறும் போத்தலைக் கண்டாள். அன்று எங்கள் அடுப்படிக்கு வந்துபோனவள் அவளுடைய தங்கச்சி இலட்சுமிப்பிள்ளை ஒருத்திதான். வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு.

"அம்மாளுக்கு வைச்ச மஞ்சளுகா! அதைக் களவெடுக்கவும் உனக்கு மனம் வந்திட்டா?" என்று கேதீஸ்வரி வேலியில் நின்று கேட்டாள்.

இலட்சுமிப்பிள்ளை ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். பேசாமல் போனதே களவை ஒப்புக்கொண்டது என்று ஆகிவிட்டது. அன்றோடு அக்காவும் தங்கச்சியும் முகம் பார்ப்பதில்லை.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தேன். கேதீஸ்வரியின் கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறிய பிறகு, ஆறினதை ஏன் கிளறுவது என்று விட்டேன். இப்படி ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு நல்ல நியாயம் கிடைத்துக்கொண்டே இருந்தது. காருக்கு மட்டும் நியாயம் விளங்கவில்லை. சந்தைவரை ஒழுங்காக ஓடும், அதற்கு மேல் போனால் கேத்தல் மாதிரிக் கொதிக்கும்.

போன மாதம் இலட்சுமிப்பிள்ளையின் மகள் விதுர்ஷா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். ஐந்து வருடத்தில் அந்த வீட்டிலிருந்து ஒருவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

"பெரியப்பா, எனக்குக் கலியாணம். செட்டிபாளையத்துக் கோயில்ல வைச்சுத்தான் தாலி கட்டுற. நான் உங்கட மொறிஸ்லதான் போவன். பெரியம்மா எனக்கு ஒரு பக்கம், அம்மா மற்றப் பக்கம். ரெண்டு பேரும் வராட்டி நான் கார்ல ஏற மாட்டன்."

கேதீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கார் ஒழுங்கா ஓடினா நான் வாறன் புள்ள," என்றாள்.

கார் ஓடினால்! கேட்டீர்களா கதையை? தங்கச்சி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாளா, ஊர்ப் பெரியவர்கள் வந்து பேச வேண்டும் என்றாளா? எத்தனை நிபந்தனை இருக்கிறது! பிடிவாதக்காரி பிடித்தது என் எஞ்சினைத்தான். கார் புதுக்குடியிருப்பையே தாண்டாது. செட்டிபாளையம் அதற்கும் அப்பால். ஓட வேண்டுமென்றால் எஞ்சினைத் திறக்க வேண்டும், திறந்தால் மஞ்சள் வெளியே வரும். திறக்காவிட்டால் பிள்ளை அழுதுகொண்டு வாடகை வான் பிடித்துப் போவாள், இவர்கள் இருவரும் சாகும்வரை வேலிக்கு இரண்டு பக்கமும் இருப்பார்கள்.

"கராஜுக்குக் கொண்டுபோய்ச் செய்விக்கிறன்," என்றேன்.

"போற வழியில நிண்டா மறுகா ஆர் தள்ளுற? மஜீட் தம்பிய இங்க வரச் சொல்லுங்க. என்ன செய்யிறார் எண்டு நானும் பாக்கணும்."

மஜீட் காத்தான்குடியில் பழைய கார் எஞ்சின்களுக்குப் பேர்போன ஆள். அவனுக்குத் தொலைபேசி எடுத்து விசயத்தைச் சொன்னேன்.

"உள்ளுக்க என்ன கிடந்தாலும் துரு எண்டு சொல்லு மஜீட்."

"பொய் சொல்லச் சொல்லுறீங்களா, ஓவசியர் ஐயா?"

"கிணத்துத் தண்ணி ஊத்தின கார்தானே. துருவும் கிடக்கும். பாதிப் பொய்தான்."

"சரி, அந்தப் பாதியும் உங்கட தலையில," என்று சிரித்தான்.

அடுத்த நாள் காலையிலேயே வந்து மாமரத்தின் கீழ் வேலையைத் தொடங்கினான். தண்ணீரை வடித்து, காபரேட்டரையும் மெனிபோல்டையும் கழற்றி, நட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கி, எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைத் தூக்கிச் சாக்கின் மேல் கவிழ்த்து வைத்தான். கேதீஸ்வரி தேத்தண்ணியோடு வந்தவள், கதிரையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்துவிட்டாள்.

ஹெட்டின் அடிப்பக்கத்தில் தண்ணீர் ஓடும் துவாரங்கள் இருக்கின்றன. முதலாம் சிலிண்டரைச் சுற்றி இருந்தவை நன்றாகத் திறந்திருந்தன. இரண்டாவதில் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது, மூன்றாவதில் இன்னும் ஒடுக்கம். நாலாம் சிலிண்டரைச் சுற்றித் துவாரம் என்று ஒன்றையும் காணவில்லை, எல்லாம் இறுகிப்போன களி. தண்ணீர்ப் பம்பு இருப்பது முன்பக்கம், நாலாம் சிலிண்டர் கடைசியில். கடைசி வயலுக்குத்தான் எப்போதும் தண்ணீர் போகாது. இது எனக்குத் தெரியாததா?

மஜீட் ஸ்குரூ டிரைவரால் குத்தி ஒரு கட்டியைப் பெயர்த்து, கையில் வைத்து உடைத்தான். வெளியே மண்ணிறம், உள்ளே மஞ்சள்.

"என்ன தம்பி அது?" என்றாள் கேதீஸ்வரி.

"துரு அம்மா. பழைய துரு. உவர்த் தண்ணி ஊத்தினா இப்பிடித்தான்," என்றான் கண் இமைக்காமல்.

அவள் தலையை ஆட்டினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த மஜீட்டுக்கு என்ன கேட்டாலும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவன் துவாரம் முழுவதையும் கையாலேயே தோண்டித் துப்புரவாக்கிவிட்டு, தேத்தண்ணி குடிக்கக் கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கை கழுவினான். நுரை சிவந்தது. தேய்க்கத் தேய்க்க இரண்டு கையும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டன. அவனே திகைத்துப்போய்ப் பார்த்தான்.

"துருவுக்குச் சவுக்காரம் பட்டாச் சிவக்கிறல்ல தம்பி," என்றாள் கேதீஸ்வரி. "மஞ்சள்தான் சிவக்கும். நாப்பது வருசமா இவர்ட கறி பட்ட சேட்டுத் தோய்க்கிறன், எனக்குத் தெரியாதா?"

மஜீட் என்னைப் பார்த்தான். "ஐயா, நீங்க சொன்னத நான் சொன்னன். சவுக்காரத்துக்கு நீங்க சொல்லி வைக்கல்லியே."

அவள் கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். கத்தினால் திருப்பிக் கத்துவதற்கு ஐந்து வருட நியாயம் என்னிடம் அடுக்கி இருந்தது. அவள் கத்தவில்லை. சாக்கின் மேல் கிடந்த கட்டியொன்றை எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றினாள். "வாங்க," என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் படலையைத் திறந்து நடந்தாள். வெட்கக்கேடு, அவள் பின்னாலேயே போனேன்.

இலட்சுமிப்பிள்ளை பந்தல்கால் நடுவதைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். விதுர்ஷாவும் பக்கத்தில் நின்றாள். கேதீஸ்வரி பேப்பரை விரித்து நீட்டினாள். அழுகையோடுதான் பேச்சு வந்தது.

"உன்னை நான் கள்ளி எண்டிட்டன்கா. கார் தின்ன மஞ்சளுக்கு உன்னைக் கள்ளி எண்டிட்டன்."

இலட்சுமிப்பிள்ளை அந்தப் பேப்பரைப் பார்க்கக்கூட இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. அண்டைக்கு அத்தான் போத்தலைக் கவிழ்க்கிறத நான் வேலிக்கால பாத்தனான்."

"பாத்தும் ஏன்கா சொல்லல்ல?"

"சொன்னா நீ அத்தானோட கதை பேச்சு இல்லாம விட்டிருப்பாய். நீங்க ஒரு வீட்டுக்குள்ள இருக்கிற ஆக்கள், கதையாம எப்பிடி இருக்கிற? நான் வேற வீடுதானே. என்னோட கோவம் எண்டா இருந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டிட்டன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் துளிக் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் என் பாடு சுகமாக இருந்திருக்கும்.

"இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன் அத்தான்," என்றாள்.

மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பிழை என்னுடையது என்று சொன்னால் முடிந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கார் இனிக் கொதியாது," என்றேன்.